கை மாறாத வைரக் கடிகாரம்

டெலிபோன் அலறியது!

1936-ம் வருஷம். கோயமுத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் அந்த யந்திரம் அலறினால், ஒன்று மேலதிகாரி கூப்பிடுகிறார், இல்லை பணக்காரர் வீட்டில் ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். ஏழைகள் வீட்டுச் சமாசாரமெல்லாம் நடந்தேதான் ஸ்டேஷனுக்கு வரும்.

சப் இன்ஸ்பெக்டர் வெங்கடபதி ரிசீவரை எடுத்தார்.

"ஏனுங்க... போலீஸுங்களா?"

பெண் குரல். நடுங்கியது.

"ஆமா. யாரு பேசறது?"

"முத்தாத்தாளுங்க... ஆர்.எஸ்.புரத்துல ஜின்னிங் பேக்டரி சென்னியப்பக் கவுண்டர் ஊட்டுல வேலை செய்யறவளுங்க. பக்கத்து ஊட்டு டாக்டரய்யாதான் போனைப் போட்டுக் குடுத்தாருங்க..."

"சரி, விஷயத்தைச் சொல்லு!"

"எங்கய்யா வாயில எறும்பு போகுதுங்க... தட்டிவிடக்கூட மாட்டேங்கறாருங்க!"

வெங்கடபதி தொப்பியைத் தேடினார்.

ஆர்.எஸ்.புரத்தில் அப்போதுதான் பங்களாக்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் பெரியது சென்னியப்பனுடையது. மாடி அறையில் தேக்குக் கட்டிலில் படுத்திருந்தார். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலை வாரியிருந்தது. நெற்றியில் திருநீறு.

யாரோ ரொம்ப ஆசையாகப் படுக்கவைத்த பிணம்!

பக்கத்து வீட்டு டாக்டர் சுந்தரராஜுலு குனிந்து கண் இமையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? சிவப்புச் சிவப்பாப் புள்ளி. இப்ப மூக்கைப் பாருங்க."

மூக்குத் துவாரத்தில் வெள்ளையாக ஒரு இழை. அறை மூலையில் சாய்வு நாற்காலி. அதன் கீழே தையல் பிரிந்த தலையணை ஒன்று கிடந்தது.

"இலவம்பஞ்சு" என்றார் டாக்டர். "தலகாணியை வெச்சு அமுக்கிட்டாங்க. நெஞ்சு வலிக்காரரு. ரொம்ப நேரம் போராடியிருக்க மாட்டாரு."

"எப்போ நடந்திருக்கும்?"

"நேத்து விளக்கு வைக்கற நேரம். ஒடம்பு கட்டையா வெறைச்சுப் போச்சு."

வாசல்படி ஓரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த முத்தாத்தாள் நிமிர்ந்தாள்.

"அதெப்புடிங்க? காத்தால கோழி கூப்புட அம்மணி கார்ல கெளம்பறப்பச் சொன்னாங்களே... 'ஐயா காப்பி குடிச்சுப்போட்டுப் படுத்திருக்கறாரு. தலைவலி. எழுப்பிப்போடாதே'ன்னு!"

வெங்கடபதி டாக்டரைப் பார்த்தார்.

"செத்தவர் எந்திரிச்சு காப்பி குடிச்சிருந்தா, நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டிப்போட்டு கோயில்ல பூசாரியா உக்காந்துக்கறேன் சார்!"

"உங்க அம்மணி இப்ப எங்க?" என்று முத்தாத்தாளைக் கேட்டார் வெங்கடபதி.

"கருமத்தம்பட்டியிலிங்க. அவங்க தம்பிக்கு இன்னிக்குக் கல்யாணம்."

"நேத்து சாயங்காலம்?"

"அம்மணியும் நானும் கோனியம்மன் கோயிலுக்குப் போயிருந்தமுங்க. டிரைவரும் எங்க கூடத்தான். திரும்பி வந்ததும் அம்மணி மாடிக்குப் போனாங்க. எறங்கியே வரலீங்க. சோறு கொண்டுவரட்டுமான்னு கீழயிருந்து கேட்டேன். வேண்டாம்னு மட்டும் சொன்னாங்க."

மேஜை மேல் ஒரு வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது. காலி!

வெங்கடபதிக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். ஊருக்கே தெரியும். பாரிஸில் செய்து, பம்பாய்க் கடை வழியாக வந்த கைக்கடிகாரம். பிளாட்டினப் பட்டை. சுண்டுவிரல் நகத்தளவு முகம். சுற்றிலும் வைரம். சென்னியப்பன் அதை மனைவி மயிலாத்தாளுக்கு வாங்கிக் கொடுத்த பிறகு, உப்புக் கேட்கவும் உறவு சொல்லவும் அந்த வீட்டுக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிப்போனது. வெங்கடபதியே ஒரு டீ பார்ட்டியில் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, தன் பாக்கெட் கடிகாரத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டவர்தான்.

"கடிகாரம் திருடு போயிருச்சா?"

"இல்லீங்க. அம்மணி கட்டிட்டுத்தான் போனாங்க."

புருஷன் பிணம் மாடியில். பெண்டாட்டி வைரம் மின்ன மின்னக் கல்யாண வீட்டில்!

வெங்கடபதி டாக்டரிடம் காரைக் கேட்டார்.

டாக்டரின் கார் அவிநாசி ரோட்டில் பறந்தது. பின் சீட்டில் ஏட்டு அங்கப்பன்.

"ஐயா, அந்தம்மாவா இருக்குமுங்களா?"

"பொய் சொல்லியிருக்காங்களே, அங்கப்பா. செத்த ஆளுக்குக் காப்பி குடுத்தேன்னு சொன்னா வேற என்ன நினைக்கிறது?"

"அந்தக் கடியாரத்தை நானும் ஒருக்காப் பாத்திருக்கறேனுங்க. வெள்ளிக் காப்புன்னு நெனச்சுப்போட்டேன்."

"பிளாட்டினம்டா! தங்கத்தைவிட ஒசத்தி."

"அப்புறம் ஏனுங்க வெள்ளியாட்டத் தெரியோணும்?"

"அதுதான் அதோட கவர்ச்சி. தங்கத்தை எல்லாரும் பார்ப்பாங்க. இதைத் தெரிஞ்சவங்க மட்டும் பார்ப்பாங்க. பார்த்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாங்க."

சொன்ன பிறகுதான், தானும் அப்படித் தூங்காமல் கிடந்தது ஞாபகம் வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

கருமத்தம்பட்டி. தென்னங்கீற்றுப் பந்தல். மேளம் காதைப் பிளந்தது. போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் பந்தலில் பேச்சு கொஞ்சம் தணிந்தது. "கவுண்டருக்கு வேண்டியவங்க போலிருக்குது" என்று யாரோ சொல்ல, மறுபடி பேச்சு ஏறியது.

மயிலாத்தாளை ஏட்டு அழைத்து வந்தார். ஆள் அரவமில்லாத மாட்டுக் கொட்டகைப் பக்கம்.

முப்பத்தைந்து வயதிருக்கும். அரக்குப் பட்டு. நெற்றி நிறையக் குங்குமம். மணிக்கட்டில் அந்தக் கடிகாரம். ஓலை இடுக்கில் விழுந்த வெயில் பட்டு, மாட்டுக் கொட்டகைச் சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டு!

வெங்கடபதி அதட்டவில்லை. மெல்லக் கேட்டார்.

"அம்மணி, மணி என்னங்க?"

அவள் பழக்கத்தில் கையைத் தூக்கினாள். பார்த்தாள். முகம் மாறியது.

"நின்னுபோச்சுங்க..."

"ரிப்பேருங்களா?"

"ஒரு நாளும் நின்னதில்லீங்க. தெனமும் படுக்கறதுக்கு முன்னால அவருதான் என்ற கையப் புடிச்சு சாவி குடுப்பாரு. எனக்குத் தெரியாதுங்க. கத்துக் குடுங்கன்னா, 'நீ கத்துக்கிட்டா அப்புறம் எனக்கு என்ன வேலை'ம்பாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"நேத்து ராத்திரி சாவி குடுக்கலையா?"

அவள் மறு கையால் கடிகாரத்தை மூடிக்கொண்டாள்.

"காலையில எந்திரிச்சுக் காப்பி குடிச்சவரு, ராத்திரி ஏன் சாவி குடுக்கலை, அம்மணி?"

மயிலாத்தாள் வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அழுகை வெளியே வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது.

"சாமி... தெரிஞ்சு போச்சுங்களா?"

"சொல்லுங்க."

"கோயில்ல இருந்து வந்தேனுங்க. நாற்காலியில சாஞ்சிருந்தாரு. பூவைக் குடுக்கலாம்னு கையப் புடிச்சேன்... சில்லுனு இருந்துதுங்க. ரெண்டு தடவை நெஞ்சு வலி வந்திருக்குது. மூணாவது தடவை நான் இல்லாதப்ப வந்து கொண்டுபோயிருச்சு. கத்தறதுக்கு வாயைத் தொறந்தேனுங்க... அப்பத்தான் தம்பி ஞாபகம் வந்துது."

"தம்பியா?"

"செங்கோட்டையன், சாமி. மாப்பிள்ளை! அம்மா சாகறப்ப அது தவழ்ந்துட்டிருந்துது. இடுப்புல தூக்கி வளத்துனவ நானு. எங்க சனத்துல மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவதான் இணைச்சீருக்கு நிக்கோணும். நின்னாத்தான் கல்யாணம். கத்தியிருந்தா அந்த நிமிசமே நான் தாலியறுத்தவ. தாலியறுத்தவ பந்தலுக்குள்ள கால் வெக்க முடியுமுங்களா?"

வெங்கடபதி பந்தல் பக்கம் பார்த்தார்.

"தூக்கிப் படுக்க வெச்சேன். தலை சீவிவிட்டேன். ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். 'ஒரு நாள் பொறுத்துக்கங்க. இன்னும் ஒரே ஒரு நாள் உங்க பொண்டாட்டியா இருந்துட்டு வந்தர்றேன்'னு அவருகிட்டயே கேட்டேனுங்க. உசுரோட இருந்தப்பவும் நான் கேட்டு அவரு எதையும் வேண்டாம்னு சொன்னதில்லீங்க..."

மேளம் அந்தப் பக்கம் உற்சாகமாக முழங்கியது.

"சீரு முடியட்டுமுங்க சாமி. செத்த நேரம். அப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் சரி. செயில்ல போடுங்க. கோடித் துணியை நானே வாங்கிக் கட்டிக்கறேன்."

கொலை என்றே அவளுக்குத் தெரியவில்லை!

வெங்கடபதி எத்தனையோ திருட்டு முழிகளைப் பார்த்தவர். இது அந்த முழி இல்லை. அவருக்கும் ஓர் அக்காள் உண்டு. பதினெட்டு வயதில் விதவையானவள். அவர் கல்யாணத்தன்று சமையற்கட்டுக்குப் பின்னால் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எந்திரிங்க. மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க. சீர் முடியற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கலை."

அவள் அவர் காலைத் தொட வந்தாள். அவர் விலகிக்கொண்டார்.

"ஐயா... இது சட்டத்துல இருக்குதுங்களா?" ஏட்டு காதோரம் கிசுகிசுத்தார்.

"இல்லை. பேசாம நில்லு."

சீர் நடந்தது. அருமைக்காரர் என்கிற பெரியவர் முன்நின்று நடத்தினார். கூறைச் சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறுமுனை அக்காள் கையில். மயிலாத்தாள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வெங்கடபதி திரும்பிக்கொண்டார்.

ஆனால் மாப்பிள்ளை செங்கோட்டையன் ஏன் இப்படி வியர்க்கிறான்? அக்காள் முகத்தை ஏன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை?

கல்யாணப் பதற்றமாக இருக்கும்...

பந்தல் காலருகே ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். புதுப் பட்டு. தலை கொள்ளாத பூ. சீருக்கு நிற்பவளைப் போலவே அலங்காரம்.

"ஏனம்மா அழறீங்க?"

"அழாம என்னங்க பண்றது? கூப்புட்டு வெச்சு அவமானப்படுத்திப்போட்டாங்க!"

"யாரு நீங்க?"

"சாந்தாமணியிங்க. மாப்பிள்ளைக்குச் சித்தப்பன் மக. நீதான் இணைச்சீருக்கு நிக்கோணும்னு செங்கோட்டையண்ணன் என்ற காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சினாருங்க. விடியறதுக்குள்ள எழுந்து தலைக்கு ஊத்தி, எல்லா நகையும் மாட்டிட்டு வந்து நிக்கறேன்... மயிலாக்கா கார்ல வந்து ஜம்முனு எறங்குது! எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறதுங்க?"

வெங்கடபதி அவள் பக்கம் நெருங்கினார்.

"எப்பக் கெஞ்சினாரு?"

"நேத்து ராத்திரி சோத்து நேரத்துல. கோயமுத்தூர்ல இருந்து மோட்டார் சைக்கிள்ல நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்தாரு. அப்புடி வேர்வை! 'அக்காவால நிக்க முடியாது. ஏன்னு கேக்காதே. யாருகிட்டயும் சொல்லாதே'ன்னாருங்க."

நேற்று ராத்திரி!

சென்னியப்பன் செத்தது அப்போது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாளுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்காரிக்கே தெரியாது.

மயிலாத்தாளால் சீருக்கு நிற்க முடியாது என்று தெரிந்த இன்னொரு ஆள்... அவளைத் தாலியறுத்தவளாக்கியவன் மட்டும்தான்!

பந்தலுக்குள் தாலித் தட்டு சுற்றி வந்து கொண்டிருந்தது. மணப்பெண் கருப்பாத்தாள் தலை குனிந்திருந்தாள். தாராபுரத்துப் பெரிய பண்ணைக்காரர் மகள். சின்னப் பெண். செங்கோட்டையனின் கையில் தாலி.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

"நிறுத்துங்க!"

வெங்கடபதி சனங்களைப் பிளந்துகொண்டு ஓடினார். இவன் கட்டுகிற தாலி எத்தனை மாதம் தங்கும்? கேஸ் முடிகிறவரை. ஒரு கொலைக்கு இரண்டு விதவைகள் எதற்கு?

"போலீஸ்! தாலியைக் கீழ வை!"

மேளம் தடுமாறி நின்றது. பண்ணைக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்ன அக்கிரமமுங்க இது! நல்ல காரியத்துல வந்து..."

"உங்க மகளுக்கு நல்லதுதான் பண்றேன். உக்காருங்க." வெங்கடபதி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "செங்கோட்டையா, உங்க மச்சான் எங்கப்பா?"

"மச்சானுக்கு... ஒடம்பு சொகமில்லீங்களாம். அக்காதான் சொல்லுச்சு."

"சரி. சாந்தாமணியை எதுக்கு நேத்து ராத்திரி சீருக்குக் கூப்பிட்டே?"

"அது... ஒருவேளை அக்கா வராட்டின்னு..."

"நான் வராட்டியா?"

கேட்டது வெங்கடபதி அல்ல. மயிலாத்தாள்! கையில் இன்னும் கூறைச் சேலை.

"கண்ணு... உன்ற கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்னு உனக்கு ஆரு சொன்னது?"

"அக்கா..."

"ராத்திரியே தெரியுமா உனக்கு? என்ன தெரியும் கண்ணு? நான் ஒருத்தருகிட்டயும் மூச்சு உடலியே!"

"மச்சானுக்கு நெஞ்சு வலின்னு..."

"எப்பப் பாத்தே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எப்ப வந்தே நீ எங்க ஊட்டுக்கு?"

வெங்கடபதி அப்போதுதான், குரல் தாழ்த்தி, அவளிடம் அந்தக் கொடுமையைச் சொன்னார்.

"அம்மணி, அது நெஞ்சு வலி இல்லீங்க. தலகாணியை வெச்சு அமுக்கியிருக்காங்க."

செங்கோட்டையன் கையிலிருந்து தாலி நழுவித் தட்டில் விழுந்தது. அவன் அக்காள் காலடியில் சரிந்தான்.

"ஒரே ஒரு நாளைக்குத்தாங்க்கா கேட்டேன்! நிச்சயத்தன்னிக்கு அந்தப் புள்ள உன்ற கையைப் புடிச்சுக் கடியாரத்தைப் பாத்துட்டே இருந்துச்சல்ல? அது மாதிரி கையில இருந்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்னு சொல்லிப்போட்டா. நானும் சரின்னுட்டேன். மச்சான்கிட்டக் கேட்டேன். 'அது எம் பொண்டாட்டி கையை விட்டு எறங்காது மாப்ளே. வேற எது வேணும்னாலும் கேளு'ன்னு சிரிச்சாருக்கா! அந்தச் சிரிப்பு... எனக்குக் கண்ணு மண்ணு தெரியலைக்கா!"

"அமுக்கிப்போட்டயா?"

"நீ தாலியறுத்துட்டா அதைக் கட்டமாட்டே... எங்களோட வந்து இருப்பே... அது தன்னால எங்க ஊட்டுக்கு வந்துரும்னு..."

அவன் முடிக்கவில்லை. அதைச் சொன்ன வாயை அவனே பொத்திக்கொண்டான்.

மணப்பெண் கருப்பாத்தாள் முகம் வெளிறி எழுந்தாள்.

"ஆசையா இருக்குதுன்னுதானுங்க சொன்னேன்... கொன்னு கொண்டாந்து குடுன்னா சொன்னேன்?"

மயிலாத்தாள் தம்பியை அடிக்கவில்லை. திட்டவில்லை. அவன் தலையைக் கோதப் போன கை பாதியில் நின்றது.

"என்னைக் கேட்டிருந்தா கழட்டிக் குடுத்திருப்பனே கண்ணு!"

அவ்வளவுதான் சொன்னாள். பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். வெங்கடபதிக்கும் கண் மறைத்தது. கைக்குட்டை எடுத்தால் ஏட்டு பார்த்துவிடுவார் என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பேதை! புருஷனைத் தனியாகக் கிடத்திவிட்டு, அவனைக் கொன்றவனுக்கே சிரித்த முகத்துடன் சீர் செய்திருக்கிறாள்.

அவள் கடிகாரத்தின் கொக்கியைக் கழற்ற முயன்றாள். வரவில்லை. அதையும் புருஷன்தான் கழற்றிவிடுவார் போலிருக்கிறது. வெங்கடபதி உதவினார். உள்ளங்கையில் அது ஒரு பூவின் கனம்கூட இல்லை. இதற்காகத்தானா? பக்கத்தில் பார்த்தால், ஒரு தடவையாவது அதை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்று விரல் துடிக்கத்தான் செய்தது.

"கேஸுக்கு இது வேணும் அம்மணி. கெட்டுப்போகாம இருக்க சாவி குடுத்து வெக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க சாமி. கடைசியா அவரு குடுத்த சாவியோட நின்னுதுங்க. அப்புடியே இருக்கட்டும்."

பிறகு முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் கன்னம் வரை இழுபட்டது. சாந்தாமணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவரு தனியா இருக்கறாரு..."

தன் காரில் மயிலாத்தாள் போனாள். டாக்டரின் காரில் செங்கோட்டையன். பட்டு வேட்டி, மாலை, கையில் விலங்கு. அவிநாசி ரோட்டுப் புளிய மரங்கள் பின்னால் ஓடின.

செங்கோட்டையன் மெல்ல வாயைத் திறந்தான்.

"முகூர்த்தம் தாண்டியிருக்குமுங்களா? மணி என்னங்க ஆச்சு?"

வெங்கடபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எதுக்கப்பா அவசரம்? நீ போற எடத்துல கடிகாரமே வேண்டாம். மணிக்கு மணி ஜெயில்காரங்களே அடிச்சுச் சொல்லிடுவாங்க!"